சாம்பல் போட்ட கீரை

1

நிலக்கரியோடு கழிவு மரத்தையும் சேர்த்து எரித்தால் நல்லது என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். பாதிவரை ஒழுங்காகத்தான் எழுதினேன். கரி மிச்சம், கரும்புகை குறைவு, மரம் குப்பைமேட்டுக்குப் போகாது. அப்புறம், மிஞ்சும் சாம்பல் எங்கே போகிறது என்று யோசித்தேன். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. சாம்பலை அள்ளிக்கொண்டுபோக ஓர் ஆள் வேண்டியிருந்தது. எஸ்தர் வந்தது அப்படித்தான்.

2

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையின் புகைபோக்கி, வானத்தின்

[வேண்டாம். புகைபோக்கியில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைத்திருக்கிறேன்.]

பட்டுக்குச் சாயம் போடும் அந்தப் பட்டறையில் பாய்லருக்குத் தீனி தள்ளுவது எஸ்தரின் வேலை. வெறும் நிலக்கரி எரித்த காலத்தில் அந்தச் சாம்பலை அவள் சீண்டியதில்லை. முதலாளி இளங்கோவன் இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை வாங்கிக் கலக்க ஆரம்பித்ததும் தெருவில் இருமல் குறைந்தது. சாம்பலும் மரச்சாம்பலாகிவிட்டது என்று எஸ்தர் எடுத்துக்கொண்டாள். கீரைக்கு மரச்சாம்பல் நல்லது என்பது யாருக்குத் தெரியாது? செவிலிமேட்டு வீட்டுப் பாத்தியில் கொண்டுபோய்த் தூவினாள். முளைக்கீரை தளதளவென்று வந்தது. மாசமாக இருக்கும் மகள் திரிஷாவுக்கு ரத்தம் ஊறட்டுமென்று தினமும் அதைத்தான் கடைந்து போட்டாள்.

3

இன்று சாம்பலுக்குள் பாதி எரிந்த கதவுக்கட்டை ஒன்று கிடந்தது. பச்சை பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்திருந்தது. உள்ளே தள்ளும்போது பெயிண்டை அவள் பார்க்கவில்லையா? பார்த்தாள். எரிந்தால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தாள். [இங்கே அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கட்டுரை கேட்டவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.]

முதலாளியிடம் கேட்டாள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அது விஷம், எரிந்து போகாது, சாம்பலில் தங்கும் என்று அவர் மறைக்காமல் சொன்னார். மரத்தை நிறுத்தினால் கரும்புகை திரும்பிவரும் என்றும் சொன்னார். கெட்டவரில்லை. கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம்.

"சாம்பல வூட்டுக்கு எடுத்துக்கினு போறியாமா?"

"இல்ல முதலாளி," என்றாள் எஸ்தர்.

4

முடிவு ஒன்று: பாத்தியைப் பிடுங்கி எறிகிறாள். எறியட்டும், அது பெரிய காரியமில்லை.

முடிவு இரண்டு: டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார், ஒன்றுமில்லை என்று வருகிறது. நான் ஆசைப்பட்ட முடிவு இதுதான். எழுதக் கூசுகிறது. [சாம்பலை யாரும் சோதிக்கவில்லை. அதில் எவ்வளவு விஷம் என்று எனக்கே தெரியாது.]

முடிவு மூன்று பாதியில் நிற்கிறது. எஸ்தர் கீரைச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு திரிஷா சுவரைப் பிடித்து எழுந்து வருகிறாள்.

"இன்னாமா, நல்ல கீரையப் போய் கொட்டிட்ட?"

இன்றைய கீரையைக் கொட்டியாயிற்று. இத்தனை மாதம் தின்றதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? எனக்குத் தெரியவில்லை, களைத்தும்விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும், சொல்லலாம் என்று உங்களுக்குத் தோன்றினால்.