பீரோவின் மேல்பலகை

ராயப்பராஜ் எழுந்து பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தான். அடுப்பு மூட்டவில்லை, முக்கில் காப்பிக் கடை இருந்தது. கண்ணாடி முன் முழங்காலை மடக்கி நின்று சவரம் செய்தான். அது மனைவி சகாயசெல்வியின் உயரத்துக்கு மாட்டிய கண்ணாடி. அவன் நேராக நின்றால் அதில் சட்டைப் பொத்தான்கள்தான் தெரியும். ஆணியைப் பிடுங்கி மேலே அடிக்கலாம். அடிக்கவில்லை. அடிக்கக்கூடாது என்று ஒன்றுமில்லை. முழங்கால் பழகிவிட்டது.

முகம் துடைக்கத் துண்டை எடுத்தபோதுதான் பார்த்தான். பீரோவின் மேல்பலகை முழுக்கப் புழுதி. விரலால் இழுத்தால் கோடு விழுந்தது.

இன்று அந்தப் பீரோ போகிறது. பிள்ளை இல்லாமல் செத்துப்போனவளின் சீர் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். செல்வியின் தங்கைக்குக் கல்யாணம் கூடியிருந்தது. எடுத்துப் போக அவள் அண்ணன் சிலுவைமுத்து தாடிக்கொம்புப் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவான். ராயப்பராஜ் சரி என்று சொல்லியிருந்தான். எதற்கும் அவன் சரி என்றுதான் சொல்லிவந்தான்.

ஆனால் புழுதி அவனை நிறுத்தியது. பீரோவைவிட அவன் ஒரு சாண் உயரம். தினமும் கண் படுகிற பலகை. ஓட்டு வீடு, மேலிருந்து மண் உதிர்ந்துகொண்டே இருக்கும். புதுப் பைசா வந்த வருடம் கல்யாணம். அதிலிருந்து அவள் காய்ச்சலில் படுக்கும்வரை அந்தப் பலகையில் தூசியை அவன் பார்த்ததே இல்லை. அப்படியானால் யாரோ துடைத்திருக்கிறார்கள். அவனுடைய நெஞ்சுக்குக் கீழே நின்ற ஒருத்தி, தன் கண்ணுக்கு எட்டாத இடத்தை எப்படித் துடைத்தாள்? வீட்டில் முக்காலிகூடக் கிடையாது.

செல்வி போனபிறகு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை.

கண்ணாடியில் முகம் சரியாக விழும்வரை மறுபடி முழங்காலை மடக்கினான். இதுதான் அவள் கண்மட்டம். அங்கிருந்து கையை நீட்டினான். பலகையின் விளிம்பு மட்டும் விரல்நுனியில் பட்டது. அப்படியே மடங்கியபடி வீட்டுக்குள் நடந்து பார்த்தான். வேறு வீடாக இருந்தது. அடுக்குப் பலகையின் அடிப்பக்கம் தெரிந்தது. அங்கே ஓர் ஆணியில், அவன் தொலைத்துவிட்டதாக நினைத்த சாவி தொங்கியது. ஜன்னலில் தெருவே இல்லை. கம்பிகளுக்கு மேலே மலையின் உச்சியும் கொஞ்சம் வானமும் மட்டும். ஆபீஸ் விட்டு வரும்போது ஜன்னலில் ஏன் நிற்பதில்லை என்று அவளிடம் ஒருதரம் கோபித்துக்கொண்டது நினைவு வந்தது. அவள் சிரித்தாள்.

"என்ன தம்பி, எதத் தொலச்ச?" பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் வாசலில் நின்றாள்.

நிமிர்ந்தான். பீரோவைக் காட்டினான். "இது மேல எப்படிக்கா தொடச்சா?"

"அடக் கூத்தே! அது தெரியாதா ஒனக்கு? கீழ் டிராயர இழுத்து அதும்மேல ஏறி நிப்பா. உடையும்டி, விழுந்து தொலைக்காதன்னு கத்துவேன். நீயும் பாக்கப் போறதில்ல, நானும் பாக்கப் போறதில்ல, எவளுக்குடி அம்புட்டு மெனக்கெடுறன்னு கேட்டேன். அவுக தலை இருக்கிற எடம் அதுதான்க்கா, அவுக கண்ணுக்கு வீடு அங்கனதான் ஆரம்பிக்குதுன்னா. நல்லா பேசுவா, எத்தண்டி வாயி!"

சிவனம்மாள் சேலை முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவன் குனிந்து கீழ் இழுப்பறையை இழுத்தான். எப்போதும்போல ஒரு பக்கம் சரிந்து வந்தது. சீர் கொடுத்த வீட்டு ஆசாரிக்கு வேலை தெரியவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தான். சரிந்த பக்கத்து விளிம்பில் மெருகு தேய்ந்திருந்தது. ஒரு சின்னப் பாதம் வைக்கிற அகலம். அதன்மேல் கையை வைத்துப் பார்த்தான். பிறகு எழுந்து, துண்டால் மேல்பலகையை, நின்ற இடத்திலேயே ஒரே இழுப்பில் துடைத்தான். மிகச் சுலபமாக இருந்தது.

வெயில் ஏறும் முன்பே சிலுவைமுத்து வந்துவிட்டான். கூட வண்டிக்காரர். இருவரும் பீரோவைப் படுக்கையாகச் சாய்த்தார்கள். ராயப்பராஜ் ஒரு முனையில் கை கொடுக்கப் போனான்.

"நீங்க பிடிக்காதீங்க மாப்ள. ஒசரம் ஒத்து வராது. சாயும்."

சொன்ன பிறகே சிலுவைமுத்துவுக்கு அது உறைத்தது. அவன் பார்வையை விலக்கிக்கொண்டான். அன்றும் இதே வாசலில், இதே வார்த்தையைத்தான் சொன்னான். செல்வியின் சவப்பெட்டியை அவள் வீட்டு ஆண்கள் நால்வர் தூக்கினார்கள். எல்லாரும் ஒரே மட்டம். பெட்டி தேங்கிய தண்ணீர்போல ஆடாமல் போனது. ராயப்பராஜ் வெறுங்கையோடு பின்னால் நடந்தான். கல்லறைவரைக்கும், அதற்குப் பிறகும், அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மச்சான்" என்றான். "வாசல்ல மூணு படி இருக்கு. எறங்குறப்ப ஒசரமானவன் கீழ நின்னாத்தான் சமமா வரும்."

சிலுவைமுத்து படியைப் பார்த்தான். அவனைப் பார்த்தான்.

"அன்னிக்கும் படி இருந்துச்சு" என்றான் ராயப்பராஜ். "எனக்குத் தோணல. இத நான்தான் எறக்குவேன்."

சிலுவைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டான். "தெருவுல ஒங்க ரெண்டு பேரையும் என்னன்னு கூப்புடுவாய்ங்க? கோயில் கொடிமரமும் உண்டியலுமா?"

"ஆமா. யாராச்சும் கொடிமரத்துல காசு போடுவாகளான்னு அவ கேப்பா."

"கேப்பா, கேப்பா. சரி, பிடிங்க கொடிமரம்." வண்டிக்காரரை விலகச் சொன்னான்.

ராயப்பராஜ் தலைமாட்டைப் பிடித்தான். பாரம் கைக்கு வந்தது. நல்ல பாரம். தேக்கு. தோள்வரை ஏறி முதுகில் இறங்கியது. வாசலுக்கு முதுகைக் காட்டிப் பின்னடியாக நடந்தான். வாசல் நிலை அவன் புருவ மட்டம். எத்தனையோ தரம் இடித்திருக்கிறான். இடித்த அன்றெல்லாம் செல்வி அவனைத் தரையில் உட்காரவைத்து நெற்றியில் எண்ணெய் தேய்ப்பாள். அவன் உச்சந்தலையை அவள் பார்த்தது அப்போது மட்டும்தான்.

நிலைக்கு அருகில் நின்றுவிட்டான். பின்னால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

"என்ன மாப்ள? கை வலிக்குதா?"

"இல்ல. செத்த இருங்க."

சேசு மரி சூசை என்று சொல்லித்தான் செல்வி கண்ணை மூடினாள் என்று மாமியார் எல்லாரிடமும் சொல்லிவந்தார். ராயப்பராஜ் மறுத்ததில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மட்டும்தான் இருந்தான். காய்ச்சலில் அவள் உதடு வெடித்திருந்தது. கஞ்சி வாங்கி வருகிறேன் என்று எழுந்தான். ஆஸ்பத்திரி வாசல் அவனைப்போல் இரண்டு ஆள் உயரம். யானைகூடப் போகலாம். அவள் அதைப் பார்க்கவில்லை. கண் மூடித்தான் இருந்தது. அவள் கடைசியாகச் சொன்னது வேறு.

பாரத்தோடு தலையைத் தாழ்த்தினான். இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். காலால் படியைத் துழாவினான்.

"பாத்து, குனிஞ்சு போங்க. இடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா தேச்சுவிட என்னால எந்திரிக்க முடியாது."