ஸவார்ஸின் வீட்டு வழக்கம்

வடக்கு ரஷ்யாவின் கோலா விரிகுடாவில் காற்று திரும்பியபோது, வைஸ் அட்மிரல் ஸவார்ஸின் கையில் சுட்ட பன்றிக்குட்டித் தட்டோடு துறையில் நின்றிருந்தார். நெடும்பயணம் முடித்து வரும் நீர்மூழ்கியின் தலைவனுக்கு அதைக் கொடுத்து வரவேற்பது தளத்தின் வழக்கம். ஒரு காலத்தில் இதே துறையில் அவரும் வாங்கியிருக்கிறார். இன்று வாங்கப்போகிறவன் அவருடைய மகன் அர்சேனி.

“தோழர் அட்மிரல், காத்து பக்கவாட்டுல தள்ளுது. இழுவைப் படகு அனுப்பிரட்டுமா?” என்றார் துறைமுக அதிகாரி லாப்ஷின்.

“அவன் கேட்டானா?”

“அவரு எங்க கேக்கப்போறாரு? உங்க ரத்தமாச்சே!”

அட்மிரலுக்கு உள்ளம் குளிர்ந்தது. புயலில் இழுவைப் படகில்லாமல் கப்பலைக் கரைசேர்த்துத்தான் தாம் பதவியில் மேலே வந்ததாக வீட்டில் ஒவ்வொரு விருந்திலும் சொல்வார். “ஸவார்ஸின் வீட்டு ஆம்பள அடுத்தவன் தோளத் தேடமாட்டான்” என்று முடிப்பார். மேசையின் மறுமுனையில் அதைக் கேட்டே வளர்ந்தவன் அர்சேனி.

“கைபிடிச்சு நடக்கிற வயசு தாண்டிட்டான். விடுங்க,” என்றவர், துறையில் நின்ற இசைக்குழுவுக்கு வாசிக்கச் சொல்லித் தலையசைத்தார்.

கறுத்த கலம் நெருங்கியது. காற்று அதன் மூக்கைத் திருப்பியது. இயந்திரம் பின்னோக்கி உறுமுவதற்குள் இரும்பு கல்லில் மோதி உரசியது. வடம் அறுந்து வீசியதில் முன்தளத்து மாலுமி ஒருவன் கால் முறிந்து விழுந்தான். அவன் அலறல் தாரை முழக்கத்தையும் மீறிக் கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு அர்சேனி இறங்கி வந்து விறைப்பாக சல்யூட் வைத்தான்.

“தோழர் அட்மிரல், இழுவைப் படகு கேக்காம விட்டது நான். தப்பு என்னோடது மட்டும்தான்.”

லாப்ஷின் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் திறக்கமாட்டார் என்பது அட்மிரலுக்குத் தெரியும். தாமும் திறக்காவிட்டால் மகனின் கப்பல் தலைமை இன்றோடு பறிபோகும். ‘தடுத்தது நான்.’ இரண்டே சொல். அதைச் சொல்வதற்குப் பதில் தட்டை இன்னும் இறுகப் பிடித்தார். குடும்பத்தின் பெயரை இத்தனை நாள் காத்தது தாம்தான் என்று நம்பியிருந்தவருக்குக் காது மடல் சுட்டது.

“அப்பா,” மகன் அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். “தட்டைக் கீழ வைங்க. சரியுது.”

வைக்க ஓரிடமும் தென்படவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் இசைக்குழு வரவேற்பு நடையை வாசித்துக்கொண்டே இருந்தது. பன்றிக்குட்டியின் முதுகில் கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியிருந்தது.