பரஸ்தானப் பை

ப்ராக் நகரத்துக்கு இன்னும் போகவில்லையே தவிர, அந்த ஐரோப்பியத் தலைநகரைப் பற்றிப் பட்டாபிராமனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. கிழக்குத் தாம்பரத்தில் அவர் தலைவராக இருக்கும் காலனியின் கூடத்தில், போன ஞாயிறு ஒரு மணி நேரம் பேசினார். ஆற்றுப் பாலத்து முப்பது சிலைகளில் பதினெட்டாவதைத் தொட்டபோது மின்சாரம் போனது. ஜனங்கள் மனதாரக் கைதட்டினார்கள். வாசலில் மோவாயில் கைவைத்த அவர் படத்தோடு ஃப்ளெக்ஸ் பேனர் வேறு கட்டியாயிற்று.

சுற்றுலாக் குழுவில் அவருக்கும் மனைவி காமுவுக்கும் இடம் போட்டாகிவிட்டது. பாக்கி விசா ஒன்றுதான். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, நகரத்துக்குள் இருக்கும் விசா மையத்தில் நேரில் போய்க் கைரேகை வைக்கவேண்டும். தவறவிட்டால் அடுத்த தேதி, விமானம் போய்ப் பத்து நாள் கழித்து.

புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை ராகு காலம். கார் கிளம்பவேண்டியதோ பன்னிரண்டேகாலுக்கு. அதற்கு முன்னால் பத்தரையிலிருந்து குளிகை. அதில் செய்தது மறுபடியும் செய்ய நேரும்.

"அப்போ பத்து மணிக்கே போய் அங்க உக்காந்துடலாமே" என்றாள் காமு.

"மூணு பிராஞ்ச்ல மேனேஜரா இருந்தவன் நாலு மணி நேரம் தெருவுல உக்காரணுமாக்கும்."

சாஸ்திரத்தில் அதற்கும் வழி இருந்தது. பரஸ்தானம். நல்ல நேரத்தில் பயணப் பையை அண்டை வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ராகுவே வாசலில் நின்றாலும் கையசைத்துவிட்டுப் போகலாம்.

"ஏன்னா, ஒரு குடையை வெச்சா போறுமே."

"பேருக்குப் பண்றது எனக்கு ஆகாது. பாஸ்போர்ட்டையே வைக்கப்போறேன். உன்னோடதையும் குடு."

"என்னோடது என் கைப்பையிலயே இருக்கட்டும்."

"அப்புறம் தடங்கல் வந்தா என்னைக் கேக்கப்படாது."

காமு கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பையோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். சவுரிமுத்து சர்ச்சுக்குப் போகிறவர்; ராகு யார், எந்தத் தெரு என்றுகூட விசாரிக்காமல் கையை நீட்டினார். பட்டாபிராமன் உடனே கொடுத்துவிடவில்லை. உள்ளே இருப்பது பாஸ்போர்ட் என்றார். ப்ராக் சதுக்கத்தில் அறுநூறு வருஷத்துக் கடிகாரம் இருக்கிறது, சூரியன், சந்திரன், ராசி எல்லாம் காட்டும் என்று ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. பன்னிரண்டேகாலுக்குப் பையை எடுத்துக்கொள்வேன் என்ற ஒரு வாக்கியம் மட்டும் அதில் இல்லை.

பன்னிரண்டேகால். கார் வந்து நின்றது. சவுரிமுத்து வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது.

மூன்று முறை போன் அடித்து ஓய்ந்தது. நான்காவதில் எடுத்தார்.

"பொத்தேரில கீறேன் சார். எம் புள்ள ஜெபின் ஹாஸ்டல் ரூம் மாத்துறான். வண்டில வந்துகினு இருந்தேன், போன் கேக்கல."

"பை எங்க?"

"என்கிட்டதான் பத்திரமா கீது. பாஸ்போர்ட்டுன்னீங்க, பூட்ன வூட்ல வெக்க மனசு வரல. நீங்க ஃபாரின் போற அன்னிக்குதானே வாங்கிப்பீங்க?"

ஆக, பயணம் தொடங்கித்தான் இருந்தது. வடக்கே போகவேண்டியது தெற்கே போயிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் சவுரிமுத்துவின் குரல் மாறியது. "தாம்பரம் ஸ்டேஷனாண்ட நில்லுங்க சார், இதோ வரேன்."

திரும்பினால், காமு காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்டே?"

"விசாவுக்கு."

"ராகு காலம்டீ."

"ரெண்டு மணிக்கு வரச்சொன்னது ராகு இல்லை. நீங்க பையை வாங்கிண்டு பின்னாலயே வாங்கோ."

கார் போய்விட்டது. ஒரே வாரத்தில் இரண்டாம் முறையாகப் பேச்சு பாதியில் நிற்க, பட்டாபிராமன் தெருவில் நின்றார்.

ஸ்டேஷன் வாசலில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு ஐம்பது. ஹெல்மெட் போட்ட எல்லாரும் சவுரிமுத்து மாதிரியே வந்து, வேறு யாராகவோ கடந்துபோனார்கள். ஒன்று பத்து. பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டதாக ஒரு போன். ஒன்று இருபத்தைந்துக்கு சவுரிமுத்து வந்து சேர்ந்தார், சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, பை மார்போடு கட்டியிருக்க. நன்றி சொல்லவும் நேரமில்லை. மின்சார ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனும், இறங்குகிறவர்களைத் தாம்பூலம் கொடுத்து அனுப்புகிற கல்யாண வீடு போல் தாமதித்தது.

விசா மையத்துக் கண்ணாடிக் கதவை அவர் தொட்டபோது இரண்டு முப்பத்தெட்டு.

"ரெண்டு மணி ஆளுங்க முடிஞ்சிடுச்சு சார்" என்றார் காவலாளி.

"நான் பட்டாபிராமன்."

காவலாளி காகிதத்தைப் பார்த்தார். "ஆமா, பேர் கீது. ஆளுதான் இல்ல. புதுசா தேதி வாங்கிகினு மறுபடி வாங்க."

கதவு திறந்து காமு வெளியே வந்தாள். கையில் ரசீது.

"பையை எத்தனை மணிக்குக் குடுத்தேள்?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்குப் போனேள். குடுத்தது பத்து நாப்பதுக்கு. நான் ஜன்னல்லேர்ந்து பாத்துண்டுதான் இருந்தேன். சுத்தக் குளிகை."

அவர் பையின் ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

"ரெண்டு டிக்கெட்டையும் கான்சல் பண்ணிடலாம், காமு" என்றார், அவளுக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

"ஒண்ணைப் பண்ணுங்கோ." அவள் ரசீதை மடித்துக் கைப்பையில் வைத்தாள். "சிலை முப்பதும் இருக்கான்னு நான் எண்ணிண்டு வரேன். நீங்க பதினெட்டோட நிறுத்திட்டேள்."