மீட்டர் காட்டிய மூன்றரை

ஒலிபெருக்கிகளும் வானொலிகளும் பழுதுபார்க்கும் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது கையெழுத்திடும் இடங்களில் மட்டுமே பயன்பட்டது. மற்றவர் வாயில் அவர் ‘மீட்டர்’. மின்சாரத்தை அளக்கும் சிறிய மஞ்சள் நிற மீட்டர் ஒன்று அவருடைய சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. சுவர்க் கடிகாரத்துக்குப் புது பேட்டரி வாங்கி வந்தாலும், உறையைப் பிரித்து, இரு முனைகளிலும் கம்பியை வைத்து, எண்ணைப் பார்த்த பின்னரே உள்ளே பொருத்துவார். பல்பு எரியவில்லை என்று மனைவி சொன்னால் நம்பமாட்டார்; அதைக் கழற்றி அளந்துவிட்டு, “ஆமா, போயிடுச்சு” என்று அவளுக்கே செய்தி சொல்வார்.

“நான் செத்தாலும் ரெண்டு வயரை வெச்சுப் பார்த்துட்டுத்தான் அழ ஆரம்பிப்பாரு” என்று அவள் பக்கத்து வீட்டாரிடம் கூறுவதுண்டு. அதைக் கேட்டு அவரும் சிரிப்பார். வீட்டின் முன்னறைதான் கடை என்பதால், உள்ளே பேசுவது எதுவும் அவர் காதுக்குத் தப்பாது. அந்த வீட்டில் எதைப் பற்றியும் கேலி பேசலாம். மனைவியின் தம்பியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவள் மாதம் ஒருமுறை தம்பி வீட்டுக்குத் தனியே போவாள், தனியே வருவாள். எங்கே போனாய் என்று அவர் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஆகவே, ஒரு பிற்பகலில் அந்தத் தம்பியின் மகள் நீண்ட துணிப்பை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு கடைப்படி ஏறியபோது, மீட்டர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

“பயப்படாதீங்க மாமா, சண்டை போட வரல. வேலை கொண்டு வந்திருக்கேன்.”

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை பார்ப்பவள். எதையும் ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டே பேசுவாள். பையைத் திறந்து மேசைமேல் அவள் வைத்த பொருளைக் கண்டதும் அவர் அடையாளம் தெரிந்துகொண்டார். செந்நிறப் பூச்சு உதிர்ந்த மின்கிட்டார். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயரே இல்லாத மலிவுச் சரக்கு. ஒரு காலத்தில் அது அவருடையது.

“பரணைச் சுத்தம் பண்றேன்னு அப்பா எல்லாத்தையும் கீழ தள்ளிட்டாரு. இதைக் குப்பையோட வெளிய வெச்சாரு. நான் பிடுங்கிட்டு வந்தேன். கிட்டார்க் கடையில கேட்டா, ‘உள்ள இருக்கற பிக்கப் ஃபேக்டரியோடதுன்னா அடுப்பெரிக்கலாம், வேற ஏதாவதுன்னா விட்டுறாதீங்க’ங்கறான். அது எதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

“அப்பாவுக்குத் தெரியுமா, இங்க வந்தது?”

“தெரிஞ்சா விடுவாரா?”

பிக்கப் என்பது கிட்டாரின் கம்பிகளுக்குக் கீழே பொருத்தப்படும் காந்தச் சுருள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுவே. மரம் எவ்வளவு மட்டமானதாயினும் சுருள் நல்லதானால் கிட்டார் பாடிவிடும் என்பது மீட்டரின் கொள்கை. இளமையில் அவரும், மனைவியின் தம்பியும், டயர் கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து இசைக்குழு நடத்தினார்கள். மச்சினன் கிட்டார், டயர் கடைக்காரர் டிரம்ஸ், மீட்டர் ஒலியமைப்பு. உடைந்துபோன உயர்ந்த கிட்டார் ஒன்றிலிருந்து இரண்டு பிக்கப்புகளை வாங்கி, மேசைமேல் வைத்துத் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றின் மின்தடையும் ஏழு கிலோ ஓம் காட்டக் கண்டு மகிழ்ந்து, இந்த மலிவுக் கிட்டாருக்குள் அவரே பொருத்தினார். அதன்பின் அந்தக் கிட்டார் பாடியதைக் கேட்டவர்கள், அது இன்ன விலைதான் என்றால் நம்பமாட்டார்கள்.

ஒருமுறை மச்சினன் அதைச் சில வாரங்கள் தன் வீட்டில் வைத்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தான். ஒத்திகையில் ஓசை மெலிந்து ஒலித்தது. மீட்டர் பொறுமை இழந்து, கிட்டாரைத் திறக்காமலேயே, அதன் வெளித்துளையில் செருகிய வயரின் மறுமுனையில் அளந்தார். மூன்றரை காட்டியது. ஏழு இருந்த இடத்தில் மூன்றரை என்றால் சுருள்கள் வேறு. நல்லவற்றைக் கழற்றி விற்றுவிட்டு ஏதோ இரண்டு குப்பையை வைத்திருக்கிறான் என்று அவர் தீர்மானித்தார். டிரம்ஸ்காரர் கடையில், எல்லார் முன்னிலையிலும், அதை வாய்விட்டும் சொன்னார்.

“கழற்றிப் பாருங்க அத்தான்” என்றான் மச்சினன்.

“எதுக்குக் கழற்றணும்? மீட்டர் பொய் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டு, கிட்டாரை அவன் கையிலேயே திணித்தார். “நீயே வெச்சுக்கோ. மாத்தினவன் நீதானே.”

அன்றோடு குழு கலைந்தது. வேறு எந்தக் குழுவும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மச்சினனும் ரோஷக்காரன், தானாகத் திறந்து காட்டினால் குற்றவாளி சாட்சி தேடுவதுபோல் ஆகிவிடும் என்று, அதை அப்படியே பரணில் ஏற்றிவிட்டான்.

“உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் திறக்காமலே தெரியும்மா” என்றார் மீட்டர். “இருந்தாலும் நீ கேட்டுட்ட. அளந்தே காட்டறேன்.”

வயரைச் செருகினார். வால்யூம் திருகை முழுவதும் திருப்பினார். மீட்டரின் இரு ஊசிகளையும் வயர் முனையில் வைத்தார்.

“பாரு. மூன்றரை. அன்னைக்கும் இதேதான்.”

“என்னைக்கு?”

அவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சொன்னதே சரி என்று இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எண் வந்து சாட்சி சொன்னதில், அவருக்கு ஒரு கசப்பான நிறைவு இருந்தது. அவளோ கிட்டாரின் முகத்தைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தாள். மேல்மூடி உடைந்து, விரல் நகமளவு மட்டும் நீட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டைச் சுட்டினாள்.

“இந்த மொட்டைக் குச்சி எதுக்கு மாமா?” என்று கேட்டவாறே அதை ஒரு பக்கமாகத் தள்ளினாள்.

மீட்டரில் எண் ஏழாயிற்று.

“அதைத் தொடாதே” என்றார். பிறகு, “இல்ல, தொடு. அந்தப் பக்கம் தள்ளு” என்றார்.

மறுபக்கம் தள்ளினாள், அங்கும் ஏழு. நடுவில் நிறுத்தினாள்; மூன்றரை.

எந்தச் சுருள் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் அது; அதற்கு மூன்று நிலைகள். இரு ஓரங்களிலும் ஒவ்வொரு சுருள் தனியாக வேலை செய்யும். நடுவில் இரண்டும் பக்கவாட்டில் இணைந்து வேலை செய்யும். அவ்வாறு இணைந்தால் அளவு பாதியாகும். இது தொழில் பழகும் முதல் வாரத்திலேயே எவனும் கற்றுக்கொள்ளும் கணக்கு. மேசைமேல் தனித்தனியே அளந்ததையும், கிட்டாருக்குள் இரண்டையும் சேர்த்து அளந்ததையும் ஒப்பிட்டு, ஒரு மனிதனைத் திருடன் என்று அவர் சொல்லியிருந்தார். ஓசை மெலிந்ததற்கு, துருவேறிய பழங்கம்பிகளே போதுமான காரணம். அந்தக் கம்பிகளை அன்று அவர் கண்ணாலும் பார்த்தார். ஆனால் அவற்றை அளக்க மீட்டரில் வழியில்லை.

“என்ன மாமா, முகம் இப்படி ஆயிடுச்சு? ஷாக் அடிச்சுதா?”

“இல்லம்மா. திறந்து பார்த்துடலாம்.”

கம்பிகளைத் தளர்த்தி, சுருள்களைத் தாங்கிய வெள்ளை முகத்தகட்டின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றலானார். சில திருகுகள் அசைய மறுத்தன. அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாய் ஓயாமல் பேசினாள்.

“மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பாவை ஏன் அவரோட பழைய ஆளுங்க எல்லாம் ‘மாத்து’ன்னு கூப்பிடறாங்க? பார்சல் ஆபீசுக்கு பஸ் மாத்தி மாத்திப் போறாரே, அதனாலன்னு நெனச்சேன். ஸ்கூல்லகூட என்னை மாத்து பொண்ணும்பாங்க. நான் ஜம்பமா ‘ஆமா, எங்கப்பாவுக்கு எல்லா பஸ்ஸும் அத்துப்படி’ம்பேன்.”

மீட்டரின் கையில் திருப்புளி நின்றது. அந்தப் பெயர் டயர் கடையில் தாம் சொன்ன ‘மாத்தினவன்’ என்ற ஒரே சொல்லிலிருந்து பிறந்தது என்பதும், டிரம்ஸ்காரர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் பரப்பினார் என்பதும் அவருக்குத் தெரியும். அது ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம் வரை போயிருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

“இப்ப வாசிக்கறாரா அப்பா?”

“எங்க வாசிக்கறது? பெட்டி தூக்கித் தூக்கி விரலெல்லாம் கட்டையாப் போச்சு. சட்டை பட்டனே அம்மாதான் போட்டு விடணும். கிட்டாரை வெளிய வெச்சப்பகூட ரெண்டு கையாலயும் அணைச்சு, குழந்தையைத் தூக்கற மாதிரிதான் தூக்கிட்டுப் போனாரு. விரல் பிடிக்காது.”

தகடு கழன்றது. மெல்லத் திருப்பி வைத்தார். மலிவு பிக்கப்பாக இருந்தால் அடியில் பட்டையாக ஒரே காந்தம் ஒட்டியிருக்கும். இங்கே கம்பிக்கொன்றாக ஆறு காந்தக் குச்சிகள் வரிசையாக நின்றன. சுருளைச் சுற்றி வெள்ளைத் துணிநாடா, அவர் சுற்றியது. வயர்கள் சேரும் இடங்களில் ஈயம் சிறு மணிகளாகத் திரண்டிருந்தது, அவர் வைத்தது. தம் கைவேலையைத் தாமே அறியாமல் போக வழியில்லை. எவரும் எதையும் தொட்டதில்லை.

“ஃபேக்டரியோடதா?”

“இல்ல. ரொம்ப நல்லது. நான் போட்டது. போட்டபடியே இருக்கு.”

உள்ளிருந்து தேநீரோடு வந்த மனைவி, திறந்து கிடந்த கிட்டாரைக் கண்டு வாசலிலேயே நின்றாள். எல்லாம் அவளுக்கு விளங்கப் பல சொற்கள் தேவைப்படவில்லை.

“அதே பிக்கப்தானா?”

“அதேதான். ஸ்விட்ச் நடுவுல இருந்திருக்கு. நான் கவனிக்கல.”

அவள் கோப்பைகளை மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அது வந்திருந்தால் சற்று இலேசாக இருந்திருக்கும்.

“கழற்றிப் பாருங்கன்னு அவன் சொன்னான்” என்றாள். “நானும் சொன்னேன். ரெண்டு திருகு கழற்ற உங்களுக்கு மனசு வரல.” பிறகு மருமகளைப் பார்த்து, “டீ ஆறுது, குடிம்மா” என்று கூறிவிட்டு, உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் ஓசை வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது.

அந்தப் பெண் ஒரு முறை அத்தை போன வழியையும், ஒரு முறை மாமாவின் முகத்தையும் பார்த்தாள். “மாமா, அந்த ‘மாத்து’ பஸ் இல்லையா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இல்லம்மா. நான் சொன்னது. தப்பாச் சொன்னது.”

நடந்ததை அவர் ஒன்றும் விடாமல் சொன்னார். முடிந்ததும், “இதை எங்கிட்டச் சொல்லி என்ன மாமா பிரயோஜனம்?” என்று மட்டும் கேட்டாள். குரலில் கோபம் இருந்ததா என்று அவரால் தீர்மானிக்க இயலவில்லை.

அவர் தகட்டை அதன் இடத்தில் பொருத்தி, திருகுகளை முடுக்கினார். கிட்டாரைப் பைக்குள் வைத்து அவளிடம் நீட்டினார்.

“விக்காதே. வெச்சுக்கோ. அப்பாகிட்ட நீ எதுவும் சொல்லாதே.”

“அப்போ யாரு சொல்றது?”

அதற்குள் மனைவி கையைத் துடைத்தபடி கதவருகே வந்திருந்தாள். “அவன் உங்களை உள்ளயே விடமாட்டான்” என்றாள்.

“வாசல்ல நின்னு சொல்றேன்.”

“கேக்கலன்னா?”

“அவன் கேக்காமப் போனாலும் போகட்டும். முதல்ல டயர் கடைக்குப் போய், அங்க இருக்கறவங்ககிட்டச் சொல்லிட்டு, அப்புறம் அவன் வீட்டுக்குப் போறேன். நாளைக்குக் கடை திறக்கல.”