சொன்னவருக்குத் தண்டனை இல்லை

புஷ்பவல்லி மாடியேறிச் சில்வியாவின் அறைக்கு வந்தபோது அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. தேர்வுப் பிரிவின் கண்காணிப்பாளர் அவர். எதுவாக இருந்தாலும் போனில் சொல்பவர், இன்று நேரில் ஓடி வந்திருந்தார்.

"மேடம், தப்பு பண்ணிட்டேன். மெயில் பெட்டி நிறைஞ்சிடுச்சு, பாஸ்வேர்ட் போடலைன்னா மூடிடுவோம்னு ஒண்ணு வந்துச்சு. போட்டுட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அது நம்ம யுனிவர்சிட்டி அட்ரஸே இல்ல."

"எப்போ அக்கா?"

"இப்பத்தான். போட்ட கையோட வரேன்."

கர்நாடகத்தின் ராபர்ட்சன்பேட்டைக்கு வெளியே இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் நெட்வொர்க்குக்குப் பொறுப்பு சில்வியா. கணக்குகளின் பதிவுகளைத் திரையில் திறந்தாள். எங்கோ வெளிநாட்டிலிருந்து யாரோ புஷ்பவல்லியின் கணக்கில் நுழைந்து, மதிப்பெண் கோப்புகளைத் திறந்துகொண்டிருந்தார்கள். கணக்கை உடனே முடக்கினாள். ஆனால் அதற்குள் வேறு எங்கெல்லாம் புகுந்தார்களோ? தேர்வுப் பிரிவு முழுவதையும் துண்டித்தால்தான் நிதானமாகத் தேட முடியும்.

அன்று தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்.

ஆபத்து என்றால் யாரையும் கேட்காமல் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று பாதுகாப்புக் கொள்கையில் இருந்தது. அந்தக் கொள்கையைப் போன வருடம் எழுதியவளே அவள்தான். எழுதும்போது இப்படி ஒரு நாளை நினைத்துப் பார்க்கவில்லை. இருந்தும் துண்டித்தாள்.

சற்று நேரத்தில் கீழே கூச்சல் கேட்டது. பதிவாளர் கிருஷ்ணப்பா போனில் கத்தினார்.

"இன்னாம்மா இது? வாசல் வரைக்கும் வரிசை நிக்குது. உடனே திறங்க."

"மார்க் சர்வர்ல யாரோ நுழைஞ்சிருக்காங்க சார். பார்த்து முடிக்காம திறக்க மாட்டேன்."

"அப்ப பசங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

உதவியாளர் உதயிடம் தேடும் வேலையைக் கொடுத்துவிட்டு அவள் இறங்கிப் போனாள். கவுன்டர் முன்னால் நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னாள். யார் பாஸ்வேர்ட் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"பேத்தமங்களாலேர்ந்து பஸ் பிடிச்சு வரோம் மேடம். நாளைக்கு மறுபடி வந்தா மட்டும் வாங்கிப்பாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தேதியைத் தள்ளச் சொல்லிக் கேக்கறேன். உங்க மார்க்கை எவனும் தொடக் கூடாதுன்னுதான் மூடியிருக்கேன்."

பின்னால் வந்து நின்ற கிருஷ்ணப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் முன்னே வந்து, "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் தரோம். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார்.

பொழுது சாய்வதற்குள் தேடி முடித்தார்கள். ஒரு மதிப்பெண்கூட மாறியிருக்கவில்லை. தேர்வுப் பிரிவின் இணைப்பு திரும்பி வந்தது.

அந்த வாரமே விசாரணைக் குழு கூடியது. கிருஷ்ணப்பா கொள்கையைப் படித்தார். பாஸ்வேர்டை வெளியே கொடுத்தவரைப் பணியிடை நீக்கம் செய்ய வேண்டும் என்றது விதி. புஷ்பவல்லி கைக்குட்டையைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தார்.

சில்வியா எழுந்தாள். "சார், இந்த விதியை எழுதினது நான். பயமுறுத்தினா ஜாக்கிரதையா இருப்பாங்கன்னு நினைச்சேன். அக்காவும் இதைப் படிச்சு கையெழுத்துப் போட்டிருக்காங்க. சஸ்பெண்ட் பண்ணுவாங்கன்னு தெரிஞ்சேதான் மாடியேறி வந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிட்டு இருந்திருந்தா, நாம இன்னைக்கு பேப்பர்காரங்களுக்கு பதில் சொல்லிட்டு இருந்திருப்போம். இவங்களைத் தண்டிச்சா அடுத்த தடவை ஒருத்தரும் வர மாட்டாங்க."

"அப்ப தப்புக்கு இன்னா பண்றது?"

"பயிற்சி கொடுப்போம் சார், எனக்கும் சேர்த்து. மறைச்சா தண்டனை, உடனே வந்து சொன்னா தண்டனை இல்லைன்னு மாத்தலாம்."

கிருஷ்ணப்பா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "நீங்களே எழுதித் தாங்க. தமிழ், கன்னடம் ரெண்டுலயும் இருக்கட்டும். எல்லாருக்கும் புரியணும்."

புதிய விதி அறிவிப்புப் பலகைக்கு வந்த மறுவாரம், வேதியியல் விரிவுரையாளர் டைட்டஸ் சில்வியாவின் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே தயங்கி நின்றார்.

"மேடம், லேபு கம்ப்யூட்டர்ல எதையோ கிளிக் பண்ணித் தொலைச்சிட்டேன். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம்."

"வாங்க சார், உக்காருங்க," என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சேர்ந்தே பார்ப்போம்."