ஊசித்துளை மணி

நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எங்கள் கார்களில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அது என்னுடையது. ஓட்டுகிறவர் எதிரே லாரியைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டால் நான் மிதிக்க வேண்டியதுதான். மிதித்த கையோடு உரக்கச் சொல்லியும் விடுவேன்: "நான் பிடிச்சேன். நீங்க இல்லே." இதை ஒருநாளும் விட்டதில்லை. சொல்லாமல் பிடித்தால், தன் கால் என்ன செய்தது, என் கால் என்ன செய்தது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. இரண்டும் கலந்துபோனால் அப்புறம் ஜென்மத்துக்கும் வண்டி ஓட்ட வராது.

இப்போது என்னிடம் கற்றுக்கொள்ளும் பேக்கரிக்காரருக்கு இது பிடிக்கவில்லை. "மெதுவா சொல்லுங்க டீச்சர், ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க" என்றார்.

"மோதினா மட்டும் பாக்கமாட்டாங்களா?" என்றேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே இருக்கிறது.

வாரம் பூராவும் நத்தை வேகத்தில் தெருத்தெருவாகச் சுற்றுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது மூச்சு விட வேண்டாமா? அதற்குத்தான் என் பழைய ஜப்பான் கார். இரண்டு கதவு, டர்போ வைத்த எஞ்சின், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் கப்பலில் வந்திறங்கியது. முன்விளக்குகள் உள்ளே படுத்திருக்கும். சுவிட்சைப் போட்டால்தான் எழுந்திருக்கும். அதிலும் வலது விளக்கு எழுந்து நின்ற பிறகுதான் இடது விளக்கு சோம்பல் முறித்துக்கொண்டு எழும். ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த வண்டியை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. போன வாரத்தை விட இந்த வாரம் சீக்கிரம் சுற்றி வந்தோமா, அவ்வளவுதான் சமாச்சாரம். எனக்கு அதுவே போதும்.

அந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர் என் வீட்டுக்காரர். வீட்டை ஒட்டியே பட்டறை. இந்த மாதிரிப் பழைய ஜப்பான் வண்டிகளைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டு, துடைத்து, உளுத்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு ஒட்டி, மறுபடியும் பூட்டி நிமிர்வார். வாயிலிருந்து பேச்சு வாங்குவதுதான் கஷ்டம். வாடிக்கையாளர் தப்புச் செய்தால் மட்டும் பொரிந்து தள்ளிவிடுவார்.

அவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு ஒன்று உண்டு. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. எவ்வளவு திணித்தால் போதும் என்று அதற்குச் சொல்வது ஒரு மெல்லிய ரப்பர் குழாய். இந்த மாடல் வண்டிகளில் அந்தக் குழாய்க்குள் ஒரு பித்தளை மணி ஒளிந்திருக்கும். மிளகு அளவுதான் இருக்கும், நடுவில் ஊசித்துளை. மணி இல்லாவிட்டால் குழாய் அவசரப்பட்டு, "போதும், போதும்" என்று சொல்லிவிடும். விசிறி பாதியிலேயே அடங்கிவிடும். வண்டி ஓடும், விளக்கு எதுவும் எரியாது, ஆனால் பாய்ச்சல் இருக்காது. ஆசைப்பட்டுக் கலர் கலராகப் புதுக் குழாய் மாட்டுகிறவர்கள், மணியோடு சேர்த்துப் பழைய குழாயைக் குப்பையில் போட்டுவிட்டு, "வண்டி இழுக்கவே மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். இவர் உடனே, "பழைய குழாய் எங்கே? போய் எடுத்துட்டு வாங்க!" என்று விரட்டுவார். எங்கள் தெருவில் குடியிருக்கும் வக்கீல் ஒருவர், போட்ட கோட்டோடு, தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் இடுப்புவரை இறங்கித் தேடியதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தடத்தில் முழங்கை வளைவு என்று நாங்கள் சொல்லும் இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை. வண்டி வழுக்கி, ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய்ச் சொருகியது. எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, வண்டிக்கு மூக்கு நசுங்கியது. ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக வேலியோரம் நின்ற என் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இப்போது நினைக்கிறேன்.

எலும்பு கூடுவதற்குள் வண்டியையும் எழுப்பிவிட்டார். ரேடியேட்டர் புதுசு, முன்பக்கத் தகடு புதுசு. வெடித்துக் கிடந்த ரப்பர் குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, பளபளவென்று நீலக் குழாய்கள் மாட்டியிருந்தார். டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் மட்டும் மோதியதில் உடைந்தது உடைந்ததுதான். "பழைய மாடல் டீச்சர், எங்கேயும் கிடைக்கலே" என்றார். அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கிண்டலாக.

மழைக்காலம் முடிந்ததும் தடத்துக்குப் போனேன். அப்போதுதான் ஆரம்பித்தது சனியன்.

வண்டி போகிறது. ஆனால் போகவில்லை. முன்பெல்லாம் நேர்சாலையில் மிதித்தால் முதுகை இருக்கையோடு அழுத்தும். இப்போது ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சாவகாசமாகப் போனது. இறங்கி வந்து கேட்டால், அவர் வாட்ச்சைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லே" என்பார்.

"வண்டியில ஏதாச்சும் கோளாறாங்க?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு."

ஞாயிறு தவறாமல் இதே கேள்வி, இதே பதில். அவர் சொன்னால் வேதவாக்கு. வண்டி விஷயத்தில் அவர் சொல்லி நான் சந்தேகப்பட்டதே கிடையாது. அப்படியானால் கோளாறு வேறெங்கே? என்னிடம்தான். மிதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மிதிக்காமல் இருக்கிறேனா? தரையோடு தரையாக அழுத்திய பிறகும், இது நிஜமாகவே அழுத்தமா, இல்லை பயந்த கால் செய்யும் பாசாங்கா என்று குழம்பினேன். என் காலை நான் நம்பவில்லை. இதைவிடக் கேவலம் ஒரு டிரைவிங் டீச்சருக்கு உண்டா?

அந்த வியாதி வேலைக்கும் தொற்றிக்கொண்டது. எதற்கெடுத்தாலும் பிரேக்கை மிதித்தேன். "நான் பிடிச்சேன், நான் பிடிச்சேன்" என்று நாள் முழுக்க அதே பாட்டு. கடைசியில் பேக்கரிக்காரரே கேட்டுவிட்டார். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க. லாரி அந்தத் தெருவுல வருது. நீங்க இந்தத் தெருவுலேயே பிடிக்கிறீங்களே?" எனக்கு முகம் செத்துப்போயிற்று. இப்படியே போனால் இந்த வேலைக்கும் நான் லாயக்கில்லை என்று தோன்றியது.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "வண்டியை வித்துடலாம்" என்றேன்.

அவர், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த கையை மறுபடியும் கழுவப் போனார்.

சனிக்கிழமை மதியம் வண்டியைப் பார்க்க ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், இதே மாடல் வண்டி ஒன்று ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படிப் பார்த்தார். தரையில் படுத்து அடித்தகட்டைத் தட்டினார். துருவை மறைத்துத் தகட்டின்மேல் மாவுப்பசை பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது; அதற்காகக் காந்தத்தை வைத்து வைத்து எடுத்தார். என் வீட்டுக்காரர் வேலையில் அந்தத் திருட்டெல்லாம் இருக்காது. பிறகு ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தார்.

"உடம்பு பிரமாதம். ஆனா வண்டி அடக்கி வாசிக்குதே?" என்று முன்மூடியைத் திறந்தார். நீலக் குழாய்களில் மெல்லியதாக இருந்த ஒன்றை இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டே போனவர், சிரித்துவிட்டார். "அட, உள்ளே மணி இல்லீங்க! குழாய் மாத்தினப்போ பழசோட போயிருக்கும். எல்லாரும் பண்ற தப்புதான். ஒரு மணியைப் போட்டா பழையபடி பறக்கும்."

எல்லாரும் செய்கிற தப்புதான். என் வீட்டுக்காரர் செய்யமாட்டார். தலைகீழாக நின்றாலும் அவருக்கு அந்தத் தப்பு வராது. வக்கீலைக் குப்பைத்தொட்டியில் இறக்கியவர் அவர்.

திரும்பிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது தேய்ந்துவிடும்போல.

"மன்னிச்சுக்குங்க, வண்டி விக்கிறதுக்கில்லே" என்றேன் வந்தவரிடம்.

"இப்பத்தானே காட்டினீங்க?"

"இப்பத்தான் முடிவு பண்ணினேன். டீ குடிச்சுட்டுப் போங்க."

வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். பிழைக்கத் தெரிந்த மனிதர், டீக்கு நிற்கவில்லை.

"எங்கே அது?" என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

அவர் மழுப்பவில்லை. அலமாரியிலிருந்து ஸ்டாப் வாட்ச் வைக்கும் துணிப்பையை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தார். வாட்ச்சோடு சேர்ந்து விழுந்தது பித்தளை மணி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அது என் கூடவே தடத்துக்கு வந்திருக்கிறது!

"போட்டுடணும்னுதான் எடுத்துட்டு வருவேன். அங்க வந்ததும் கை வராது" என்றார். "அன்னிக்கு நீ மோதினியே, அந்த நிமிஷம் நான் வாட்ச்சை நிறுத்திட்டேன். எதுக்கு நிறுத்தினேன்னு எனக்கே தெரியலே. அதை நினைச்சாலே ஈரக்குலை நடுங்குது. பயம். இன்னும் இருக்கு."

"அப்ப ஓட்டாதேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேப்பியா?"

"கேக்கமாட்டேன்!" கோபத்தில் மரியாதை எல்லாம் காற்றில் பறந்தது. "கத்தியிருப்பேன், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். ஆனா நான் கோழையாயிட்டேன்னு நானே நினைச்சிருக்கமாட்டேன். இத்தனை நாளா என் காலையே சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்கிறேன்டா! முன்னப் பின்ன தெரியாதவங்களுக்குப் பிரேக் பிடிச்சாக்கூட, நான்தான் பிடிச்சேன்னு ரோடு பூரா கேக்குற மாதிரி சொல்றவ நான். நீ எனக்குப் பிடிச்சுட்டு, வண்டி நல்லாத்தான் இருக்குன்னு சொன்னியே, அதுதான்..."

அழுகை வந்துவிட்டது. அவருக்கும் கண் கலங்கியது. "தப்புதான், அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லே" என்றார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று என் வலது காலைக் குனிந்து பார்த்தேன். பாவம், அது ஒழுங்காகத்தான் மிதித்திருக்கிறது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

காலையில் பட்டறையில் வண்டியின் முன்மூடி திறந்திருந்தது. மணி ஒரு துணிமேல் கிடந்தது. அவர் அதைத் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ பாக்கப் போடணும்னு காத்துட்டு இருக்கேன்" என்றார். நான் பார்த்துக்கொண்டிருக்க, மணியைக் குழாய்க்குள் தள்ளி, ஊதிப் பார்த்து, கிளிப்பை இறுக்கினார். பிறகு மேல்தட்டில் கைவிட்டு ஒரு சிறிய பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே புத்தம்புது டர்போ மீட்டர்.

"கிடைக்கலேன்னீங்க? அதுவும் பொய்யா?"

"அதுவும்."

அடித்துவிடலாம் போல இருந்தது. "இன்னும் ஏதாச்சும் இருக்கா, இல்லே இவ்வளவுதானா?" என்றேன். இவ்வளவுதான் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மீட்டரையும் மாட்ட வைத்துவிட்டுத்தான் அவரை விட்டேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தடத்துக்குப் போனோம். அங்கே பயிற்சிச் சுற்றின்போது பக்கத்து இருக்கையில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம், தலைக்கவசம் இருந்தால் போதும். இரண்டாவது தலைக்கவசத்தை அவரிடம் நீட்டினேன்.

"நானா?" பேய்முழி முழித்தார். மற்றவர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மனிதர், தடத்தில் ஒருநாளும் வண்டிக்குள் ஏறியதில்லை.

"நீங்கதான். வெளியே நின்னு பயந்தது போதும். உள்ளே உக்காந்து பயப்படுங்க."

கிளம்பினோம். நேர்சாலையில் மிதித்தேன். டர்போ விசில் எழும்பியது, மீட்டர் முள் ஏறியது, முதுகு இருக்கையோடு போய் அழுந்தியது. அடேயப்பா! இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று வண்டியைக் கேட்கத் தோன்றியது. பக்கத்தில் பார்த்தால் அவர் வலது காலால் காலடித் தரையை மிதி மிதி என்று மிதித்துக்கொண்டிருந்தார்.

"அங்க பெடல் இல்லேங்க!" என்று கத்தினேன்.

முழங்கை வளைவு வந்தது. காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் எனக்குப் பயம் வந்தது, நிஜமான பயம். பழைய நாட்களில் மிதிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே என் கால் பிரேக்குக்குப் போனது. போகட்டும். யாருடைய கால் அது? என்னுடையது. எனக்குத் தெரிந்து, நானாகப் பிடித்த பிரேக்.

"நான் பிடிச்சேன்!" என்று உரக்கச் சொன்னேன்.

வளைவைத் தாண்டியதும் மறுபடி மிதித்தேன். வண்டி பாய்ந்தது. அவர் ஏதோ சத்தம் போட்டார். பயமா சந்தோஷமா என்று தலைக்கவசத்துக்குள்ளிருந்து புரியவில்லை. கோட்டைத் தாண்டி நிறுத்தியதும் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

"நேரம் எவ்வளவுங்க?" என்றேன்.

அவர் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தார். வெறும் பூஜ்ஜியமாக இருந்தது.

"டீச்சர், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் அசடு வழிய. "நான்தான் வாட்ச்சை அழுத்தவே மறந்துட்டேன்."

"அப்ப இன்னொரு ரவுண்டு" என்று கியரைப் போட்டேன். அவரே பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டார்.