பெரியவளின் நடுக்கயிறு

அந்தக் கொடியை அறுத்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

எனக்கும் பக்கத்து வீட்டு டெரெக் ஹோம்வுட்டுக்கும் நடுவே இடுப்பளவு வேலி ஒன்று. அந்தப் பக்கம் அவருடைய நாலு ஹாப்ஸ் கொடிகள், இந்தப் பக்கம் என்னுடைய மூன்று. தென்கோடித் தீவில், டெர்வென்ட் ஆற்றோரம் இருக்கும் எங்கள் ஊரில் ரோஜா இல்லாத வீடு உண்டு, பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் இந்தக் கொடி இல்லாத வீடு குறைவு. சாலையைத் தாண்டினால் பெரிய ஹாப்ஸ் தோட்டம். ஊரில் பாதிப் பேருக்கு அதில்தான் பிழைப்பு.

மார்ச்சில் பூப் பறித்ததும், நானும் டெரெக்கும் ஆளுக்கு ஒரு கொடியின் பூவைத் தலையணை உறையில் அடைத்து, மீன் நிறுக்கும் கைத்தராசில் தொங்கவிடுவோம். ஜெயித்தவர் பெயரை அவர் தன் கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் எழுதுவார். எட்டு வருடம், எட்டு வரி, எட்டிலும் அவர் பெயர்தான். எல்லாம் ஒரே கொடியின் புண்ணியம். அதற்குப் பெரியவள் என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் ஜெயிப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. செப்டம்பரில் முதலில் வரும் தளிர்களை ஈவு இரக்கம் பார்க்காமல் தரையோடு வெட்டுவார். அவை வேகமாக வளரும், உள்ளே வெற்றுக் குழலாக இருக்கும். அடுத்து வருவதில், செடிக்கு மூன்று கயிறு, கயிற்றுக்கு இரண்டு தளிர் என்று மட்டும் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றில் வலமாகச் சுற்றிவிடுவார். மிச்சம் எல்லாவற்றுக்கும் கத்தரிக்கோல்தான். நான் மூன்றை வைப்பேன். எனக்கு வெட்ட மனசு வராது.

"ஒரு ரொட்டியை மூணு பேருக்குப் பிச்சுக் குடுக்கிற நீ," என்பார் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து. "மூணுமே பட்டினி கிடக்குது பாரு."

"உங்க வேலையப் பாருங்க டெரெக்," என்பேன். மறு வருடமும் மூன்றையே வைப்பேன். பிடிவாதம்.

போன டிசம்பரில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். ஊன்றுகோலோடு வீடு வந்தார், குனிய முடியாது. அடி இலைகளை முழங்கால் உயரத்துக்கு உருவி எடுக்க வேண்டிய நேரம் அது. எடுக்காவிட்டால் காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். என்னைக் கேட்டார்.

"கையால உருவு க்ளெனிஸ். கத்தி எடுக்காத. கொடி எது, காம்பு எதுன்னு கத்திக்குத் தெரியாது."

சரி என்றேன். மூன்று கொடியைக் கையாலேயே முடித்தேன். ஹாப்ஸ் தண்டில் சொரசொரவென்று கொக்கி முடி இருக்கும், கை முழுக்கக் கீறல். அன்றைக்கு நான் வேலை பார்க்கும் பேக்கரியில் கிறிஸ்துமஸ் கேக் ஆர்டர் வேறு நெருக்கிக்கொண்டிருந்தது. பெரியவளிடம் வந்தபோது என் புருஷன் ரஸ்ஸின் மீன் கத்தியை எடுத்தேன். நாலே இழுப்பு. நாலாவது இழுப்பில் நடுக்கயிற்றின் இரண்டு கொடிகளும் தரைக்கு ஒரு சாண் மேலே துண்டாகிப்போயின.

கத்தியைக் கீழே போட்டேன். ஆனால் அதற்கு முன்னால் அரை நொடி, இந்த வருஷம் எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு வந்து போனது. இதை ரஸ்ஸிடம்கூட நான் சொன்னதில்லை.

வெட்டுப்பட்ட இடத்தைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கி மூடினேன். அடியில் மண் அணைப்பது இந்த வேலையில் வழக்கம்தான், யாருக்கும் சந்தேகம் வராது. டெரெக் ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன்.

நாலாம் நாள் நடுக்கயிறு முழுக்க, கீழிருந்து உச்சி வரை, இலை தொங்கிவிட்டது. டெரெக் ஊன்றுகோலோடு வேலியருகே நின்றிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. எட்டின உயரத்தில் ஒரு துண்டு தண்டை நறுக்கி, நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தார்.

"உள்ள பழுப்பு ஓடியிருக்கு பாரு," என்றார். "வாடல் நோய்."

அவர் இங்கிலாந்தில், கென்ட் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பாவின் ஹாப்ஸ் தோட்டம் அந்த நோயில்தான் போனது. மண்ணிலேயே தங்கி, மண்ணோடு பரவும் நோய். ஒரு கொடியில் ஆரம்பித்து, நாலு வருடத்தில் முழுத் தோட்டத்தையும் தோண்டி எரித்தார்களாம்.

"இங்க ஏது அந்த நோய்?" என்றேன்.

"நான்தான் கொண்டுவந்தேன்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஜூன்ல அக்கா சாவுக்குப் போனேன்ல. அப்பாவோட பழைய நிலத்துல நடந்தேன். அதே பூட்ஸ். ஏர்போர்ட்ல பூட்ஸ்ல மண்ணு இருக்கான்னு கேட்டாங்க, நல்லா கழுவிட்டேன்னு சொன்னேன். சும்மா குழாய்ல காட்டினதுதான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பூட்ஸ் இல்ல டெரெக், என் கத்தி." ஐந்தே வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டீ போட்டுத் தரவா?" என்றேன்.

வீட்டுக்கு வந்து ரஸ்ஸிடம் கத்தி விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"போய்ச் சொல்லிட்டு வா," என்றார் அவர், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "அவரு என்ன, உன்னக் கயித்துல சுத்தி மேல ஏத்தவா போறாரு?"

"நாளைக்குச் சொல்றேன்."

"ஏன், இன்னைக்கு நாக்குக்கு லீவா?"

மறுநாள் போனேன். டெரெக் தன் பூட்ஸைத் தகர டிரம்மில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அதற்கடுத்த நாளும் போனேன், சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அது இன்னும் பெரிய குற்றமாக வளர்ந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் அது கைதவறியது. ஐந்தாம் நாள் அதற்கு வேறு பெயர்.

வெள்ளிக்கிழமை அவரே வேலிக்கு வந்தார்.

"நாளைக்கு நாலையும் தோண்டிடலாம்னு இருக்கேன். சோதனைக்கு அனுப்பினா பதில் வர வாரக்கணக்கு ஆகும். எங்கப்பா அப்படிக் காத்திருந்துதான் எல்லாத்தையும் விட்டாரு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் எத்தனை பேரு சோறு இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "உன் மூணையும் எடுக்கச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வரல. என்னால உனக்கும் நஷ்டம். மன்னிச்சுக்க க்ளெனிஸ்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முட்டியால என்னால தோண்ட முடியாது," என்றார். "நீ வர்றியா?"

சனிக்கிழமை காலை மண்வெட்டியோடு போனேன். கேட்டைத் திறந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "முதல்ல பெரியவ," என்றார். நான் மண்வெட்டியை இறக்கினேன். இந்த வெட்டுக்கு அப்புறம் சொல்கிறேன், இதற்கடுத்த வெட்டுக்கு அப்புறம் சொல்கிறேன் என்று மூன்று பக்கம் வேரை அறுத்துவிட்டேன். நல்ல வெள்ளை வேர். கோழை என்று சொன்னால் அதுகூட எனக்கு மரியாதைதான்.

நாலாவது பக்கம், நான் அணைத்த மண் சரிந்து அடித்தண்டு இரண்டும் வெளியே தெரிந்தன. சீவிவிட்ட மாதிரி சாய்வான வெட்டு. அவர் இருந்த இடத்திலிருந்து அது தெரியாது, குனியவும் முடியாது. மண்வெட்டியால் ஒரு குத்துக் குத்தியிருந்தால் தடயமே இருந்திருக்காது. மண்வெட்டியைத் தூக்கியும்விட்டேன்.

கீழே போட்டேன். மண்டியிட்டு, அந்த இரண்டு தண்டுகளையும் அடியோடு நறுக்கி எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். வெட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"இது கத்தி வெட்டு."

"ரஸ்ஸோட மீன் கத்தி. கையால உருவச் சொன்னீங்க. நான் கேக்கல."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்ப என் பூட்ஸ் இல்ல," என்றார். "நான் கொண்டுவரல."

"இல்ல டெரெக். அறுபட்டதாலதான் வாடிச்சு."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். தோண்டிய குழியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் கணக்குப் போட்டார் போல.

"ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல க்ளெனிஸ். நீ அந்தப் பக்கம் தூங்கினியா?"

பொய் சொல்ல நினைத்தேன். இனி எதற்கு என்று தோன்றியது.

"தூங்கினேன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "மண்ணைத் திருப்பிப் போடு. மேல இருக்கிறதையெல்லாம் வெட்டி எடுத்துரு. வேர் பிழைச்சா பிழைக்கட்டும்." அப்படியே எழுந்து, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் மண்ணைத் தள்ளி, மிதித்து, தண்ணீர் ஊற்றினேன். அறுந்த வேருக்குத் தண்ணீர் என்ன செய்யும்.

மார்ச்சில் அவர் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டார். அவருடைய மூன்று கொடிகளில் சிறந்தது ஒரு கிலோ தொள்ளாயிரம். என்னுடையது இரண்டு கிலோ நூறு. போன வருடம் நான் தோற்ற எடைகூட இதைவிட அதிகம்.

"இந்த வருஷம் வேண்டாம் டெரெக். எழுதாதீங்க."

"யாரோடது கனமோ அவங்க பேரு. அதானே வழக்கம்," என்றார், சாதாரணக் குரலில். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எட்டு வரிகளுக்குக் கீழே என் பெயரை எழுதினார். எடையையும் எழுதினார். நிதானமாக, அழகான கையெழுத்தில். கதவுக்கு மேலே அகலமான கூரை இறவாணம் உண்டு, மழை படாது. என் சமையலறைச் சிங்க்கில் நின்றால் நேர் எதிரே அந்தக் கதவுதான். இப்போதெல்லாம் பாத்திரத்தை ரஸ்தான் கழுவுகிறார்.